ஒட்டாமல் நின்ற நிறம்

ராஜபாளையம்
9 பிப்ரவரி 2025

தங்கச்சி யோகேஸ்வரிக்கு,

ரியாஸ் எழுதுகிறேன். காரியத்தன்றைக்குப் பிறகு எத்தனையோ தடவை போன் செய்துவிட்டேன், நீ எடுக்கவில்லை. இப்போது மணியே அடிப்பதில்லை. என் நம்பரைத் தடுத்துவிட்டாய் என்று தெரிகிறது. உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பந்தலில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உன் புருஷன் கருத்தையா படத்துக்கு மாலை போட்ட கையோடு உன் அடுப்படி வாசலில் வந்து நின்று, "ஏம்மா, ஃபிரிட்ஜுக்குள்ள அலுமினியத் தகடு சுத்துன புட்டி ஒண்ணு கெடக்கா?" என்று கேட்டவன் நான்தான். வேறு எவனாவது அப்படிக் கேட்டிருந்தால் நானே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

ஏன் கேட்டேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் பாடம் நடத்தியது போக மீதி நேரமெல்லாம் அவனும் நானும் பின்பக்கத்து ரூமில் ஒன்பது வருஷமாகச் செய்த வேலை அந்தப் புட்டிக்குள் இருக்கிறது. கார்பன் அணுக்கள் பந்துபோல ஒன்றுகூடி ஒரு கூண்டு ஆகும். அந்தக் கூண்டுக்குள் உலோக அணுக்கள் மாட்டிக்கொள்வதும் உண்டு. கடோலினியம் என்ற உலோகத்தைக் கரிக் கம்பியில் அடைத்து, வெல்டிங் மெஷினில் பொறி விட்டு எரித்து, அந்தக் கரியிலிருந்து எடுத்தோம். எடுப்பது பெரிதில்லை, யாரும் எடுப்பார்கள். கரிக்குள் நூறு விதக் கூண்டு கிடக்கும். அதில் ஒரே ஒரு விதத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுப்பதில்தான் எங்களுக்கு இத்தனை வருஷம் ஆனது. டிசம்பரில் கருத்தையா பிரித்துவிட்டான். அந்தக் கூண்டை வேறு எவரும் பிரித்ததாக நாங்கள் படித்ததில்லை.

பொங்கல் லீவில் வயரிங் வேலைக்காகக் கல்லூரியில் கரண்டை நிறுத்தினார்கள். அதனால்தான் அவன் புட்டியை உன் வீட்டு ஃபிரிட்ஜுக்குக் கொண்டுவந்தான். திருப்பிக் கொண்டுவருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பெங்களூரில் ஒரு ஆய்வகம் அதற்காகக் காத்திருக்கிறது. அவர்கள் அதைப் படிகமாக்கி அளந்து சொன்னால், அவன் பெயர் முதலில் வருகிற மாதிரி ஒரு கட்டுரை வரும். என் பெயர் கடைசியில் வந்தால் போதும், வராவிட்டாலும் சரி.

இல்லை என்று அன்றைக்குச் சொன்னாய். ஒருவேளை இருந்தால், தகட்டைப் பிரிக்காமல் குளிரிலேயே வைத்திரு.

ரியாஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14 பிப்ரவரி 2025

ரியாஸ் அவர்களுக்கு,

அண்ணன் என்று எழுதத்தான் கை போனது. நிறுத்திக்கொண்டேன்.

நம்பரைத் தடுத்ததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. நீங்கள் கூப்பிட்டால் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவார், தெரியும்தானே. நான் அடுப்படியில் நின்றே இரண்டு பேர் பேச்சையும் கேட்பேன். உங்கள் குரல் வந்ததும் "சொல்லு மாப்ள" என்று அவர் குரல் வர வேண்டும். அது வராது என்று தெரிந்தே உங்கள் குரலைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன். பேச வேண்டாம்.

புட்டி இல்லை என்று சொன்னது பொய்தான். இட்லி மாவுச் சட்டிக்குப் பின்னால் இருந்தது. எனக்குத் தெரியும். ஆனால் என் வாயில் வரவில்லை. ஊர் முழுக்க என்னிடம் "சாப்பிட்டியா, தூங்குனியா" என்று கேட்டது. என் வீட்டில் கை நனைத்து வளர்ந்த நட்பு, புட்டி எங்கே என்று கேட்டது. அன்றைக்கு நீங்கள் அழவில்லை. அதையும் பார்த்தேன்.

எல்லாரும் போன பிறகு தகட்டைப் பிரித்தேன். இத்தனை வருஷமாக ராத்திரிச் சோறு ஆறிப்போக வைத்த சாமான் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வேண்டுமல்லவா? பார்த்தால், அப்படி ஒரு கலர். நான் மேட்சிங் கடை வைத்திருப்பவள். சேலையைக் கொண்டுவந்து போட்டால் ரவிக்கைத் துணியையும் லைனிங்கையும் நூலையும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். இதற்கு என்னிடம் பெயரே இல்லை. அரக்குக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. கடையில் இருக்கிற நூல்கண்டு அத்தனையையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் சேரவில்லை.

இப்போது அது அவர் படத்துக்கு முன்னால், ஜன்னலோரம் இருக்கிறது. காலையில் வெயில் விழும்போது படத்துக் கண்ணாடியில் அந்தக் கலர் படுகிறது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் என்னால் கடையைத் திறக்கப் போக முடிகிறது. அதைத் தர மாட்டேன்.

யோகேஸ்வரி


ராஜபாளையம்
17 பிப்ரவரி 2025

யோகேஸ்வரி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. முதலில் இதைச் செய். படிப்பதை நிறுத்திவிட்டுப் போய், அந்தப் புட்டியை ஜன்னலிலிருந்து எடு. தகடு இல்லையென்றால் கறுப்புத் துணியில் சுற்று. ஃபிரிட்ஜில் வை. மூடியைத் திறக்காதே. எனக்குத் தர வேண்டாம். நான் வரவும் மாட்டேன். இருட்டில் மட்டும் வை.

எடுத்து வைத்தாயா?

இருட்டில் அந்தக் கூண்டு எதனோடும் லேசில் ஒட்டாத ஜாதி, வெளிச்சத்தில்தான் கெடும். வெளிச்சம் பட்டால் கூண்டே புட்டிக்குள் மிச்சமிருக்கிற கொஞ்சக் காற்றைத் தூண்டிவிடும். தூண்டப்பட்ட ஆக்ஸிஜன் திரும்பி வந்து அதன் மேலேயே ஒட்டும். ஒன்று ஒட்டினால் அடுத்தது ஒட்டும். அப்புறம் அது நாங்கள் பிரித்த பொருள் இல்லை. அவன் எரிச்சல்படாமல், அவசரப்படாமல் ஒன்பது வருஷம் உட்கார்ந்து எடுத்தது தினமும் காலை வெயிலில் செத்துக்கொண்டிருக்கிறது. படத்துக்கு முன்னால் வைக்க அது ஊதுவத்தி இல்லை.

ரியாஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
3 மார்ச் 2025

ரியாஸ் அவர்களுக்கு,

ஊதுவத்தி இல்லை. தெரியும். ஊதுவத்தி என்றால் கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்வேனே.

உங்களோடு அந்த ரூமில் அவர் ஒன்பது வருஷம். எனக்குப் பன்னிரண்டு. அதில் உங்கள் ரூமுக்குப் போனதைக் கழித்தால் எனக்கு என்ன மிஞ்சியது என்று யாராவது கேட்டீர்களா? "செத்த நேரத்துல வாரேன்" என்று செருப்பை மாட்டுவார். செத்த நேரம் என்றால் கடைசி பஸ். வந்ததும் சட்டையெல்லாம் பெயிண்ட் கடை வாடை. பிள்ளை இல்லாத வீட்டில் சாயங்காலம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது, உங்கள் வீட்டில் மூன்று வாலுகள் ஓடுகின்றன. ஒருநாள் சண்டை போட்டேன். "அப்படி என்னதான் இருக்கு அந்தக் கரியில?" என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து, கை கழுவாமலேயே ஒரு ஆரஞ்சை எடுத்துக்காட்டிச் சொன்னார்.

"ஏட்டி, இதுதான் கூண்டுன்னு வையி. உள்ள மூணு பேரு உக்காந்திருக்கான். நடுவுல ஒருத்தன் அந்த மூணு பேரையும் புடிச்சு வச்சிருக்கான். வெளிய என்ன நடந்தாலும் சரி, கூண்டை உடைக்காம அவனுகளை வெளிய எடுக்கவே முடியாது. அம்புட்டு உறுதி."

அதைக் கேட்டு அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. மனுஷனைக் கொண்டுபோய் எரித்து, ஒரு சட்டிச் சாம்பலாகக் கையில் கொடுத்தார்கள், அதையும் ஆற்றில் விட்டாகிவிட்டது. எதற்குள்ளாவது அவர் வெளியே வர முடியாதபடி இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஒரு சாமான் வேண்டும். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டுக்காரி முகூர்த்தச் சேலையோடு கடைக்கு வந்தாள். துணியெல்லாம் எடுத்து வைத்த பிறகு என் நெற்றியைப் பார்த்தாள். "பொறவு வாரேன்க்கா" என்று சேலையை மடித்துக்கொண்டு போய்விட்டாள். ஊரே என்னிடமிருந்து ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டு போகிறது. நீங்களும் வரிசையில் நிற்கிறீர்கள்.

புட்டி ஜன்னலில்தான் இருக்கிறது.

யோகேஸ்வரி


ராஜபாளையம்
8 மார்ச் 2025

தங்கச்சி,

ஊதுவத்தி என்று எழுதியது என் வாய்க்கொழுப்பு. மன்னித்துக்கொள். இனிமேல் புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

காரியத்தன்று நான் அழவில்லை என்று எழுதியிருந்தாய். நான் அழுதால் மாப்பிள்ளை கருத்தையா கேலி செய்வான். இனி யாரும் கேலி செய்யமாட்டார்கள் என்று உறைத்தது நோன்பு ஆரம்பித்த பிறகுதான். நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கஞ்சி வாங்கிப்போக வருவானே, இந்த வருஷமும் தூக்குவாளி எடுத்து வைத்துவிட்டேன்.

ரியாஸ்

கேட்க மாட்டேன் என்றுதான் எழுதினேன். ஆனாலும் மதிய வெயிலுக்காவது ஜன்னலைச் சாத்திவிடேன்.


ஸ்ரீவில்லிபுத்தூர்
27 மார்ச் 2025

ரியாஸ் அண்ணனுக்கு,

உங்கள் ஊர் பேண்டேஜ் மில்லுக்கு வேலைக்கு வருகிற மாரிசெல்வி கையில் இந்தக் கடிதத்தோடு புட்டியையும் கொடுத்தனுப்புகிறேன். என் பக்கத்து வீட்டுப் பெண், பத்திரமாகக் கொண்டுவருவாள். கறுப்பு வெல்வெட்டில் சுற்றி, ஐஸ் பையில் வைத்திருக்கிறேன். இப்போது சுற்றி என்ன பிரயோசனம் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானே கேட்டுக்கொள்கிறேன்.

கலர் போய்விட்டது. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் அந்தச் சிவப்பு கொஞ்சம் வாடியது. எனக்குத் தெரிந்தது. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? நாற்பது நாள் கழிந்ததும் ஆத்மா போகும் என்பார்களே, அவரும் அப்படித்தான் மெதுவாகக் கிளம்புகிறார் என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் எழுதியதையெல்லாம் வீம்புக்குத் தள்ளி வைத்தேன். பிறகு பழுப்பாகிவிட்டது. இப்போது புட்டியின் அடியில் பொடிப்பொடியாக ஏதோ படிந்து கிடக்கிறது, மேலே தெளிந்த தண்ணீர் மாதிரி நிற்கிறது.

அண்ணே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல், எனக்காகப் பார்க்காமல், உள்ளதை எழுதுங்கள். நான் கெடுத்துவிட்டேனா?

யோகேஸ்வரி


ராஜபாளையம்
13 ஏப்ரல் 2025

தங்கச்சி யோகேஸ்வரிக்கு,

பெருநாள் அன்றைக்கும் நான் ரூமில்தான் இருந்தேன். ஒரு சொட்டை எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். நேற்று பதில் வந்தது.

ஆமாம். கெட்டுப்போய்விட்டது. வெளிச்சத்தில் வைத்ததால்தான்.

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தபோதே காற்றுப் புகுந்திருக்கும் என்று எழுதினால் நீ நம்பியிருப்பாய். ஆனால் அவன் மூடி போட்டால் காற்றுப் புகாது. செத்தவன் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. நீயும் உள்ளதைத்தான் கேட்டாய்.

ஒன்று சொல்ல வேண்டும். கூண்டு உடையவில்லை. அதன் மேல் ஆக்ஸிஜன் ஒன்று, இரண்டு, ஐந்து என்று கண்டபடி ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. எல்லாம் கலந்த குப்பை, அளக்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது. ஆனால் பெங்களூர்க்காரர்கள் எடை பார்த்ததில், உள்ளே இருக்கிற மூன்று பேரும் அப்படியே இருக்கிறார்கள். இது உனக்கு ஆறுதலா என்று தெரியவில்லை.

இனி ஒரு வழி இருக்கிறது. அதற்கு உன்னைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவன் கடைசியாக எரித்த கரியில் ஒரு பங்கு ஜாடியில் மிச்சம் இருக்கிறது. ஒரு தடவைக்குத்தான் காணும். புதிதாக எரிக்க வழியில்லை, பொறி விடும்போது நிரப்புகிற ஹீலியம் வாயு சிலிண்டரை ஏஜென்சிக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான், ரூமையும் ஜூனில் கம்ப்யூட்டர் துறைக்குக் கொடுக்கப்போகிறார்கள்.

வேலை இப்படி. கரியை டொலுயீன் என்கிற பெயிண்ட் கரைக்கிற திரவத்தில் ஊறப்போட்டு வடிகட்டினால் எல்லாக் கூண்டும் கலந்த கறுப்புத் தண்ணீர் வரும். அதில் அமீன் என்கிற ரசாயனம் பூசிய ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டுச் சுழல விட வேண்டும். ஒட்டிக்கொள்ளத் துடிக்கிறவை முதலில் போய்ப் பொடியில் ஒட்டும். அடுத்தவை அடுத்து. கடைசிவரை ஒட்டாமல் தண்ணீரில் நிற்பது நம் கூண்டு ஒன்றுதான். அந்த நேரத்தில் நிறுத்தி வடிகட்டிவிட்டால் சுத்தமாகக் கிடைக்கும். விட்டால் அதுவும் ஒட்டிவிடும். ஒட்டியதைத் திரும்பப் பிடுங்க முடியாது.

எப்போது நிறுத்துவது என்பதுதான் சங்கதி. கரிக்குக் கரி நேரம் மாறும், கடிகாரம் உதவாது. நிறத்தை அளக்கிற கல்லூரி மெஷினில் விளக்கு போய் ஒரு வருஷமாகக் கிடக்கிறது. கருத்தையா கண்ணால் பார்த்துத்தான் நிறுத்துவான். நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து "போதும்லே, அமத்து" என்பான், நான் சுவிட்சை அமத்துவேன். இந்த வேலையில் என் பங்கு அதுதான். என் கண் லட்சணம் உனக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்துக்குப் பச்சை என்று நினைத்து நான் வாங்கி வந்த சேலை என்ன கலர் என்று உங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரிப்பார்கள். எனக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒரே சேறு. வேறு ஒருவரை நிறுத்தலாம் என்றால், எந்த நிறத்தில் நிறுத்துவது என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?

அந்த நிறத்தை நன்றாகப் பார்த்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் இல்லை.

வருவாயா?

ரியாஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

பொய் சொல்லாமல் எழுதியதற்கு நன்றி என்று எழுத வேண்டும். மூன்று நாள் உங்களைத் திட்டிக்கொண்டு கிடந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மனுஷன் எனக்குக் கொடுக்காத சாயங்காலமெல்லாம் போட்டுச் செய்த ஒரே சாமான். அதை நான் என் கையாலேயே வெயிலில் காயப்போட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவேன்? என் அம்மாவிடம் சொன்னால் "புட்டிதானட்டி, போனாப் போகுது" என்கிறாள்.

வருகிறேன். இருபத்தேழு ஞாயிற்றுக்கிழமை, காலை முதல் பஸ்ஸில். ஸ்டாண்டில் வந்து நில்லுங்கள். அந்த ரூமுக்கு எனக்கு வழி தெரியாது. பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட நான் அங்கே வந்ததில்லை, அவரும் கூப்பிட்டதில்லை.

கலர் என் கண்ணுக்குள் இருக்கிறது. தப்பாது. கட்டுரையில் அவர் பெயர் முதலில் வரும் என்று எழுதியிருந்தீர்கள். வந்தால் அதைப் பெரிதாக அச்சுப்போட்டு எனக்கு ஒன்று தர வேண்டும்.

யோகேஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
30 ஏப்ரல் 2025

அண்ணே,

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, "போகட்டும்மா, இந்தக் கரியில அது இருந்திருக்காது. நீ மனசப் போட்டு ஒளப்பாத" என்று சொன்னீர்கள். தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டேன். உங்களுக்கு என் முகத்தைக் காட்டாமல் அந்தப் பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்தேன். இன்றைக்கு உள்ளதை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவர் ஸ்டூலில் என்னை உட்கார வைத்தீர்கள். ஒரு கால் ஆடுகிறது அந்த ஸ்டூல். அட்டை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறார், நம் கடை அட்டை, என் எழுத்தில் விலை போட்டிருக்கிறது. எனக்கு அப்போதே ஒரு மாதிரி ஆகிவிட்டது. குடுவையில் பொடியைப் போட்டுச் சுழல விட்டீர்கள். சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, "எப்பம் வேணும்னாலும் சொல்லு, நான் ரெடி" என்றீர்கள். காப்பித்தூள் கறுப்பு முதலில் கொஞ்சம் இளகியது. அப்புறம் அடர்ந்த அரக்கு. பொடி நிறம் ஏற ஏறத் தண்ணீர் வெளுத்துக்கொண்டே வந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று எனக்குத் தெரியாது. இடுப்பு விட்டுப்போனது மட்டும் தெரியும்.

வந்தது அண்ணே. அந்தக் கலர் வந்தது.

அரக்கும் இல்லாமல் வெங்காயத் தோலும் இல்லாமல், நான் தகட்டைப் பிரித்த அன்றைக்குப் பார்த்த அதே கலர். அச்சு அசல். அதில் சந்தேகமே இல்லை. வாயைத் திறந்தேன். அமத்துங்கள் என்று ஒரு வார்த்தை. அது சொன்னால் நீங்கள் வடிகட்டுவீர்கள், புட்டியில் அடைப்பீர்கள், தகடு சுற்றுவீர்கள், பெங்களூருக்குப் போய்விடும். என் கண்ணில் இனி அது படாது. வெயிலில் வாடி வாடிப் போனவர் திரும்பி வந்து எதிரே நிற்கிற மாதிரி இருந்தது. வந்தவுடனே "கிளம்புங்க" என்று எப்படிச் சொல்வேன்? இன்னும் கொஞ்ச நேரம், இந்தா சொல்லிவிடுகிறேன், இந்தா சொல்லிவிடுகிறேன் என்று நின்றேன். செத்த நேரம்தான். போய்விட்டது. வெளுத்து, வைக்கோல் தண்ணீராகி, அப்புறம் வெறும் தண்ணீர்.

அதற்குப் பிறகு உங்களைப் பார்த்து, "வரலண்ணே, அந்தக் கலர் வரவேயில்ல" என்று சொன்னது யார் வாய் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் பெயர் இனி எங்கும் வராது. முதல் தடவை தெரியாமல் கெடுத்தேன். இந்தத் தடவை தெரிந்தே கெடுத்தேன். என்னை மன்னிக்க வேண்டாம். நாலு வார்த்தை திட்டி எழுதுங்கள், அதுவாவது வேண்டும் எனக்கு.

யோகேஸ்வரி


ராஜபாளையம்
5 மே 2025

தங்கச்சி,

எனக்குத் தெரியும்.

குடுவையை நான் பார்க்கவே இல்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது, எனக்கு அது ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே சேறுதான். உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நீ மூச்சு விடுவதை நிறுத்தினாய். முந்தானையை எடுத்து வாயைப் பொத்தினாய். கண் அப்படியே விரிந்து நின்றது. புருஷன் செத்த நாளிலிருந்து உன் முகத்தில் நான் காணாத ஒரு வெளிச்சம் வந்தது. வந்துவிட்டது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருஷமாக மாப்பிள்ளை காட்டிக் காட்டி எனக்குப் பிடிபடாத நிறம், உன் முகத்தில் பிடிபட்டது.

விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. நீ சொல்ல வேண்டியதே இல்லை. நான் அமத்தியிருக்கலாம்.

நானும் அமத்தவில்லை, தங்கச்சி. சுவிட்சை அமத்தினால் நீ திரும்பி என்னைப் பார்ப்பாய். அந்த வெளிச்சம் போய்விடும். நீ பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவன் அங்கே இருக்கிறான் என்று எனக்கும் தோன்றிவிட்டது. வாத்தியார் வேலை பார்க்கிற ஆள், விஞ்ஞானம் படித்த ஆள். வெளுத்துப்போன பிறகு நீ "வரவேயில்ல" என்றாய், நானும் "இருந்திருக்காது" என்றேன். யாரைத் திட்டச் சொல்கிறாய்? திட்டினால் இரண்டு பேரையும் திட்ட வேண்டும்.

பெங்களூருக்குச் சாம்பிள் இல்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். அவர்கள் நாகரிகமாக வருத்தம் தெரிவித்து ஒரு வரி அனுப்பினார்கள். இன்றைக்கு ரூமைக் கழுவிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். யாராவது ஒருநாள் வேறு எங்கேயாவது அதே கூண்டைப் பிரிப்பார்கள், முதலில் பிரித்தவர் என்று அந்த ஆள் பெயரைப் போடுவார்கள். கருத்தையா என்று ஒருவன் ராஜபாளையத்தில் இதைக் கண்ணால் பார்த்து எடுத்தான் என்று சொல்ல நம் இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை. நாம் சொன்னாலும் காட்ட ஒன்றும் இல்லை.

அந்த ஒரு நிமிஷம் அவனை நீ பார்த்தாய், உன் முகத்தில் நான் பார்த்தேன், அது போதும் என்று எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். போதவில்லை, தங்கச்சி.

ரியாஸ்